பட்டியலில் இல்லாத ஒரு போன்: கொழும்பில் நாங்கள் இணைப்பைப் பகிர்ந்த கதை

போன செமஸ்டர் பரீட்சைக்கு முதல் கிழமை, எங்கள் வீட்டில் நாங்கள் ஒரு பிழை விட்டோம். அந்தப் பிழைக்குப் பிறகு பலரிடம் கேட்டும் தேடியும் அறிந்துகொண்டவைதான் இந்தக் கட்டுரை.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், மேல்மாடியில் ஆறு பேர் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்கார அன்ரியின் குடும்பம். இணைய இணைப்பு அன்ரியின் பெயரில். பில்லில் பாதி எங்களுடையது. அந்தக் கிழமை நெட் ஊர்ந்தது. விரிவுரைக் குறிப்பு ஒன்றைத் திறக்கக்கூட வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கோபத்தில் எங்களில் ஒருவர் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து, 192.168.1.1 என்று அடித்து உள்ளே போனார். அட்மின் பாஸ்வேர்டை யாரும் மாற்றியிருக்கவில்லை.

உள்ளே ஒரு பட்டியல் இருந்தது. 19 கருவிகள். எங்கள் போன்கள், லப்டொப்கள், அன்ரி வீட்டு டிவி, அங்கிளின் ஐபேட் என்று ஒவ்வொன்றாக எண்ணிக் கழித்துக்கொண்டு வந்தோம். கடைசியில் ஒன்று மிஞ்சியது. பெயரில்லாத ஒரு அன்ரொயிட் போன். "பக்கத்து வீட்டுப் பொடியன்தான்" எண்டு முடிவெடுத்து, இரவு 11 மணிக்கு அதைத் தடை செய்தோம். ஒருவரிடமும் கேட்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம்தான் விசயம் தெரிந்தது. அது வவுனியாவிலிருந்து ஒரு நேர்முகப் பரீட்சைக்காக வந்து கீழே தங்கியிருந்த அன்ரியின் மருமகளுடைய போன். நேர்முகம் நடக்கும் இடத்தை மாற்றி அனுப்பிய மின்னஞ்சலை அவர் காலையில் பிந்தித்தான் பார்த்திருக்கிறார். போன இடத்திலிருந்து ஓட்டோ பிடித்து மற்ற இடத்துக்கு ஓடி, அரை மணித்தியாலம் பிந்திப் போய்ச் சேர்ந்தார்.

அன்ரி எங்களை ஏசவில்லை. படிக்கட்டில் நின்றபடி ஒன்றுதான் சொன்னார்: "பிள்ளையள், என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்த வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு லிஸ்ட் எடுத்து ஆக்களைக் கலைக்கிற வேலையை உங்களுக்கு முந்தி வேற ஆக்கள் செய்தவை."

நாங்கள் பிறந்து மூன்று நாலு வருசத்தில் நடந்ததைத்தான் அவர் சொன்னார். அதற்கு வருவோம். அதற்கு முதல் ரெலிபோனிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒழுங்கைக்கு ஒரு ரெலிபோன்

ஒரு இணைப்பைப் பல பேர் பகிர்வது வைஃபையோடு வந்த பழக்கம் இல்லை. இலங்கையில் கொழும்பையும் காலியையும் இணைத்த முதல் தந்திக் கம்பி 1858 இல் போடப்பட்டது. பிறகு தொலைபேசி வந்தது. ஆனால் நூறு வருடங்களுக்கு மேலாகியும் சாதாரண வீடுகளுக்கு அது எட்டாத பொருளாகவே இருந்தது. அரச திணைக்களத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்த கதை எங்கள் அம்மாமார் எல்லோரிடமும் இருக்கிறது.

ஆகவே ஒழுங்கையில் ஒரு வீட்டில் போன் இருந்தால் அது ஒழுங்கைக்கே போன். வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தால் அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை ஓடிப்போய் நாலாம் வீட்டுக்காரரைக் கூட்டிவரும். பக்கத்தில் ஒரு கொப்பி: யார், எங்கே, எத்தனை நிமிடம். சில வீடுகளில் டயலில் குட்டிப் பூட்டு. திறப்பு அப்பாவின் சட்டைப் பையில். இன்றைக்கு அட்மின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்று கேட்பதும் அந்தத் திறப்பைப் பற்றிய கேள்விதான்.

பகிர்ந்த இணைப்பில் நடுவில் இருப்பவருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதற்கு உலக வரலாற்றில் ஒரு பிரபலமான கதை உண்டு. அமெரிக்காவில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் இறுதிச் சடங்கு நடத்திக் கொடுக்கும் தொழில் செய்தவர். தனக்கு வரவேண்டிய அழைப்புகளை எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஓப்பரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பி விடுகிறார் என்று அவர் சந்தேகப்பட்டதாகச் சொல்வார்கள். ஓப்பரேட்டரே தேவைப்படாத தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்கு அவர் 1891 இல் காப்புரிமை பெற்றார். சந்தேகம் உண்மையோ பொய்யோ, அந்தச் சந்தேகத்திலிருந்துதான் அந்தக் கருவி பிறந்தது.

இலங்கைக்குத் திரும்புவோம். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தோடு திணைக்களம் கூட்டுத்தாபனமானது. 1996 இல் அது கம்பனியாகி, 1997 இல் ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் அதன் 35 சதவீதப் பங்கை வாங்கியது. அதே 1996 இல் சண்டெல், லங்கா பெல் என்ற இரண்டு நிறுவனங்கள் கம்பியில்லாத வீட்டுத் தொலைபேசியோடு வந்தன. காத்திருப்பு மெல்ல மெல்லக் குறைந்தது.

தமிழர்களுக்கு இதே வருடங்கள் இன்னொரு கதையும். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமற் போயின. பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் சுவிசிலும். பெற்றோர் கம்பி அறுந்த ஊரில். இரண்டுக்கும் நடுவில் கொழும்பு நின்றது. வெள்ளவத்தை காலி வீதியிலும் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கங்களிலும் முளைத்த 'கொமியூனிகேஷன்' கடைகள் இந்தத் தேவையில் வாழ்ந்தவை. கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று கதைக்க வேண்டும். வெளியே சிவப்பு எழுத்தில் ரூபாய் ஓடும். அழுதாலும் சிரித்தாலும் வரிசையில் நிற்பவருக்குத் தெரியும். லொட்ஜில் தங்கியிருந்து விசாவுக்காகவும் ஒரு அழைப்புக்காகவும் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அந்தக் கடைகள்தான் வீட்டு விலாசம் மாதிரி. கடிதங்கள்கூட அங்கே வந்ததாம்.

பெயர்ப்பட்டியலும் 2007 உம்

இப்போது அன்ரி சொன்ன விசயம்.

2005 ஓகஸ்டில் அவசரகாலச் சட்டம் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அந்த விதிகளின் கீழ், வீட்டில் இருப்பவர்களின் விபரத்தைக் கொடுக்கும் பொறுப்பு வீட்டுக்காரருக்கு இருந்தது. யார், எந்த ஊர், அடையாள அட்டை இலக்கம், எதற்காக வந்தார், எப்போது போவார். கொழும்புத் தமிழ் வீடுகளில் 'பொலிஸ் பதிவு' என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாத காலம் அது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் தேத்தண்ணி வைப்பதற்கு முதல் "பதிஞ்சாச்சோ?" எண்டு கேட்க வேண்டியிருந்தது. அறை வாடகைக்குக் கொடுப்பவர்கள் வடக்கு, கிழக்கு அடையாள அட்டை என்றால் யோசித்தார்கள். இரவில் கதவு தட்டப்பட்டால் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்.

2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை உட்படத் தமிழர்கள் தங்கியிருந்த லொட்ஜ்களுக்குப் பொலிஸார் போனார்கள். கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லை என்று சொல்லி 376 பேரை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். சாமான் கட்டப் போதிய நேரம் கொடுக்கவில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அடுத்த நாள், ஜூன் 8, நீதிமன்றம் இந்த வெளியேற்றத்தை நிறுத்தச் சொல்லி இடைக்கால உத்தரவு கொடுத்தது. சில நாட்களில் அப்போதைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். ஆனால் அந்தப் பயம் நிறைய நாள் இருந்தது.

நாங்கள் ஒரு போனைத் தடுத்ததையும் அரசு மனிதர்களை பஸ்ஸில் ஏற்றியதையும் ஒன்றாக வைக்க முடியாது. அப்படி எழுதினால் அந்த 376 பேருக்கும் அவமானம். ஆனால் அன்ரி ஏன் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொன்னார் என்பது எங்களுக்கு விளங்கியது. ஒரு பட்டியலைப் பார்த்தோம். 'தெரிந்தவர்கள்', 'தெரியாதவர்' என்று பிரித்தோம். தெரியாதவரை இருக்கத் தகுதியில்லாதவராக எடுத்துக்கொண்டோம். காரணம் கேட்கவில்லை. அந்த வீட்டில் அதற்கு ஒரு பழைய ஞாபகம் இருந்தது.

முகவரி போதாமல் வந்த பெட்டி

சரி, ரவுட்டர் எப்படி இந்தப் பட்டியலை வைத்திருக்கும் நிலைக்கு வந்தது?

இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கு 1990களின் முதற் பாதியிலேயே இணையம் எட்டிப் பார்த்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று உருவாக்கிய 'லேர்ன்' வலையமைப்பு மின்னஞ்சலில் தொடங்கியது. 1995 இல் லங்கா இன்டர்நெட் சேர்விசஸ் என்ற நிறுவனம் வணிகரீதியான இணையச் சேவையை ஆரம்பித்தது. அந்தக் கால டயல்-அப்பில் பகிர்தல் என்றால் முறை வைத்தல்தான். ஒருவர் நெட்டில் இருந்தால் வீட்டுப் போன் 'எங்கேஜ்'. அம்மா போனைத் தூக்கினால் இணைப்பு அறுந்துவிடும். சண்டை எல்லோருக்கும் கேட்கும்படி நடந்தது.

அதே காலத்தில் உலகத்துக்கு வேறொரு தட்டுப்பாடு. அப்போதைய இணைய முகவரி முறையில் மொத்தமாக ஏறக்குறைய 430 கோடி முகவரிகள்தான் சாத்தியம். அது போதாது என்று 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1994 மே மாதம் எகவாங், பிரான்சிஸ் என்ற இருவர் ஆர்.எஃப்.சி. 1631 என்ற ஆவணத்தில் ஒரு தற்காலிக வழியை எழுதினார்கள். வீட்டுக்கு வெளியே ஒரு முகவரி மட்டும் இருக்கட்டும். உள்ளே இருக்கிறவர்களுக்கு வேறு இலக்கங்களைக் கொடுத்துவிட்டு, நடுவில் இருக்கும் பெட்டி மாற்றி மாற்றி எழுதட்டும். உள்ளுக்குள் மட்டும் பாவிக்கும் இலக்கங்கள் அதே 1994 மார்ச்சில் ஒதுக்கப்பட்டிருந்தன. 192.168 என்று தொடங்கும் இலக்கம் அங்கிருந்துதான் வருகிறது. உங்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் ரொறன்ரோவில் சித்தி வீட்டிலும் அதே இலக்கம் இருக்கலாம். வெளியே யாருக்கும் அது தெரியாது. ஆசிய பசிபிக் பிராந்தியத்தின் முகவரிக் கையிருப்பு 2011 ஏப்ரல் 15 ஆம் திகதி கடைசிக் கட்டத்துக்கு வந்தது. தற்காலிக வழி இன்றைக்கும் ஓடுகிறது.

இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் மேல்மாடியின் ஆறு பேரும் கீழ்வீட்டுக் குடும்பமும் அன்ரியும் ஒரே ஆள். நாங்கள் செய்யும் எல்லாமே அன்ரியின் பெயரில் உள்ள ஒரு இணைப்பிலிருந்து போகிறது. யார் என்ன செய்தார் என்று பிரித்துச் சொல்லக்கூடிய பட்டியல் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். அப்போது பொலிஸ் பதிவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்த வீட்டுக்காரர், இப்போது இணைப்புக்குப் பதில் சொல்ல வேண்டிய வீட்டுக்காரர்.

வைஃபை தரம் 1997 இல் வந்தது. 1999 இல் அதன் வேகமான வடிவமும் 'வைஃபை' என்ற பெயரும். அதோடு வந்த முதல் பூட்டின் பெயர் டபிள்யூ.ஈ.பி. அதை உடைக்கும் வழியை 2001 இல் மூன்று ஆய்வாளர்கள் பகிரங்கமாக எழுதிவிட்டார்கள். 2004 இல் டபிள்யூ.பி.ஏ.2 வந்தது, 2018 இல் டபிள்யூ.பி.ஏ.3. பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் திறப்பை ஸ்டிக்கரில் ஒட்டிவிட்டால் பிரயோசனமில்லை. 2016 இல் 'மிராய்' என்ற தீநிரல், மாற்றப்படாத ஏறக்குறைய 60 தொழிற்சாலைப் பாஸ்வேர்ட்களை வைத்துக்கொண்டே இலட்சக்கணக்கான கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து, அமெரிக்காவின் பெரிய தளங்களை மணித்தியாலக் கணக்கில் முடக்கியது. எங்கள் வீட்டு ரவுட்டரும் அதே நிலையில்தான் இருந்தது. நாங்கள் ஸ்டிக்கரைப் பார்த்து உள்ளே போன அந்த வழியால் யாரும் போயிருக்கலாம்.

இன்னொரு தற்செயல்: அனுமதியில்லாமல் இன்னொருவரின் கணினிக்குள் நுழைவதைக் குற்றமாக்கிய இலங்கையின் கணினிக் குற்றச் சட்டம், 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டம். லொட்ஜ் வெளியேற்றம் நடந்த அதே வருடம். அன்ரியிடம் கேட்காமல் அட்மின் பக்கத்துக்குள் போன நாங்கள் இந்தச் சட்டத்தின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று யோசித்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

வெளிக்கதவும் உள்கதவும்

எங்கள் தலைமுறைக்கு வீட்டு இணைப்பு என்பது வெளியிலிருந்து மூடப்படக்கூடியது என்பதும் அனுபவம். 2018 மார்ச்சில் கண்டி திகன வன்முறையின்போது ஃபேஸ்புக், வட்ஸ்அப், வைபர் தடுக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. எங்களில் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர்களுக்கு அது அடுத்த வீதி. 'இருக்கிறியா?' என்று தேட வேண்டிய அந்த நேரத்தில் சமூக ஊடகங்கள் மூடப்பட்டன. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, அரசுக்கெதிரான போராட்டத்தின்போது மறுபடியும். அன்றைக்குப் பிற்பகலே திறக்க வேண்டி வந்தது; அதற்குள் எங்கள் அம்மாக்களுக்கும் வி.பி.என். என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது. 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. பகிரப்பட்ட இணைப்பிலிருந்து யாராவது எதையாவது எழுதினால் யாருடைய கதவு தட்டப்படும் என்று வாடகை வீடுகளில் கேட்பது இதனால்தான்.

உள்கதவைப் பற்றி நாங்கள் குறைவாகவே கதைக்கிறோம். ரவுட்டரில் ஒவ்வொரு கருவிக்கும் நேரக் கட்டுப்பாடு போடலாம். எங்கள் வீடுகளில் அந்த வசதி யாருக்குப் போடப்படுகிறது? இரவு பத்து மணிக்குப் பிறகு அண்ணாவின் போன் ஓடும், தங்கச்சியின் போன் நிற்கும். இப்படி வளர்ந்த மூன்று பேர் எங்கள் நண்பர் வட்டத்திலேயே இருக்கிறார்கள். எல்லாம் "உன்ர நன்மைக்குத்தான்". டயல் பூட்டின் திறப்பு அப்பாவிடமிருந்து அண்ணாவிடம் போயிருக்கிறது.

ரவுட்டரில் எதைப் பார்க்கலாம் என்பதிலும் பயமும் வதந்தியும் கலந்திருக்கின்றன. இப்போது அநேகமான தளங்கள் மறைகுறியாக்கம் செய்யப்பட்டவை. அட்மினால் நீங்கள் எழுதிய செய்தியையோ பார்த்த படத்தையோ வாசிக்க முடியாது. ஆனால் எந்தக் கருவி, எப்போது, எவ்வளவு, பல நேரங்களில் எந்தத் தளத்துக்குப் போனது என்பது தெரிய வரலாம். ஒருவரின் நித்திரை நேரத்தையும் தனிமையையும் ஊகிக்க அதுவே போதும்.

ஊரடங்கும் இருட்டும்

2020 மார்ச் 20 ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு. ஒரே இரவில் வீட்டு இணைப்பு பள்ளிக்கூடமாகவும் ஒபிசாகவும் மாறியது. அந்த ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தைக் கொத்தணிக்குப் பிறகு கொட்டாஞ்சேனை உட்பட வட கொழும்பின் பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தல் ஊரடங்குக்குள் போயின. இரண்டு அறைத் தோட்ட வீடுகளில் நாலு பிள்ளைகள், ஒரு போன், அளந்து ஊற்றிய டேட்டா. பல்கலைக்கழக அண்ணாமார் அக்காமாருக்கு லேர்ன் வலையமைப்பினூடாக சூம் கிடைத்தது. பல்கலைக்கழகக் கற்றல் தளங்களுக்குத் தொலைபேசி நிறுவனங்கள் கட்டணமில்லா அணுகலும் கொடுத்தன. பாடசாலையில் இருந்த எங்களுக்கு வட்ஸ்அப் குறூப்பில் வந்த மங்கலான படங்கள்தான் பாடம். பக்கத்து வீட்டுக்காரர் வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லித் தந்ததால் சாதாரண தரம் எழுதியவர்கள் எங்களில் இருக்கிறார்கள். யன்னலோரம் கதிரை போட்டுக்கொண்டு, சிக்னல் வரும் அந்த ஒரு மூலையில் இருந்து படித்தவர்கள். அன்றைக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பட்டியலில் பெயரில்லாத அன்ரொயிட் போன் நாங்கள்தான்.

2022 இல் இருட்டு. மார்ச் 31 ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு. அநேக ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை; சின்ன பற்றரி ஒன்று போதும். சொக்லட் பெட்டி அளவு மினி யூ.பி.எஸ். அப்போதுதான் வீடுகளுக்குள் வந்தது. கரண்ட் இல்லாத வீட்டில் ஒரு பச்சை லைற் மட்டும் எரிய, அதைச் சுற்றி எல்லோரும் இருந்தோம்.

அப்போ உண்மையில் யார் இழுத்தது?

மருமகளின் போனைத் தடுத்த பிறகும் எங்கள் நெட் கெதியாகவில்லை. பிறகுதான் ஒழுங்காகத் தேடினோம். குற்றவாளி எங்களில் ஒருவர். புது லப்டொப் வாங்கியவரின் 40 ஜிகாபைட் படங்கள் இரவும் பகலும் பின்னணியில் கிளவுட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தன.

மேலே ஏற்றுவது ஏன் கீழே இறக்குவதைக் கெடுக்க வேண்டும்? ஏ.டி.எஸ்.எல். என்ற பெயரின் முதல் எழுத்துக்கே 'சமனற்ற' என்றுதான் பொருள்: இறக்கம் அகலம், ஏற்றம் ஒடுக்கம். 4ஜி வீட்டு இணைப்புகளும் பெரும்பாலும் அப்படித்தான். ஒரு பக்கத்தைத் திறக்க உங்கள் போன் சின்னச் சின்ன வேண்டுகோள்களை மேலே அனுப்ப வேண்டும். ஒடுங்கிய ஏற்ற வழியில் 40 ஜிகாபைட் படங்கள் வரிசையில் நின்றால் அந்தச் சின்ன வேண்டுகோளும் அதற்குப் பின்னால்தான் நிற்கும். ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 2010 இல் இதைத் தன் வீட்டிலேயே கண்டுபிடித்தார். இன்றைக்கு நெட் மெதுவு என்று அவருடைய பிள்ளைகள் முறைப்பட்டுக்கொண்டே இருந்தார்களாம். ரவுட்டர்களுக்குள் வரிசைக்கான இடத்தை அளவுக்கு மிஞ்சி வைத்ததுதான் காரணம் என்று காட்டி, அதற்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார். 2012 இல் கத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் அந்த வரிசையைக் கட்டுப்படுத்தும் முறையை வெளியிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரிசை கொடுத்து மாறி மாறி விடும் வடிவமும் பிறகு வந்தது. பஸ் ஹோல்ட்டில் 200 மூட்டையோடு நிற்பவரும் ஒரு கடிதத்தோடு நிற்பவரும் ஒரே கியூவில் நிற்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் சாரம்.

இதெல்லாம் எங்களைப் போன்ற கலைப்பீடத்துக்காரருக்கும் கிடைக்கிறதற்குக் காரணம் இன்னொரு வரலாறு. 2002 இன் இறுதியில் வந்த லிங்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற நீல ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். உரிம விதிப்படி நிரலை வெளியிட வேண்டும் என்று கேட்டு, 2003 இல் அதைப் பெற்றார்கள். 2004 இல் அதிலிருந்து 'ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.' பிறந்தது. சேவை நிறுவனம் கொடுக்கும் பெட்டியில் அநேகமாக அதைப் போட முடியாது. ஆனால் பெட்டிக்குள் இருப்பதை அறிய எங்களுக்கு உரிமை உண்டு என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது.

நாங்கள் என்ன செய்தோம்

அன்ரியோடும் அங்கிளோடும் ஒரு ஞாயிறு பின்னேரம் கீழே இருந்து கதைத்தோம். அன்றைக்கு எடுத்த முடிவுகள் இவை.

முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றினோம். அதை ஒரு காகிதத்தில் எழுதி அன்ரியின் அலுமாரியில் வைத்திருக்கிறோம். பட்டியலைப் பார்க்க வேண்டுமென்றால் மேலே ஒருவரும் கீழே ஒருவரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். பட்டன் அமத்தி இணைக்கும் வசதியை நிறுத்தினோம். அதனோடு சேர்ந்து வரும் பின் இலக்க முறையில் 2011 இலேயே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மென்பொருளைப் புதுப்பித்தோம். பெரிய ஏற்றங்கள் இரவு 12 மணிக்குப் பிறகு, இரவு டேட்டாவில். எங்கள் ரவுட்டரில் புதிய வரிசை முறை இல்லை. ஆனால் ஒரு கருவிக்கு ஏற்ற வேக எல்லை போட முடிந்தது. அது எல்லோருக்கும் ஒரே அளவு.

ஒழுங்கையில் மாடிக்கு மாடி ரவுட்டர். 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அயலவர்கள் குறைவாகப் பாவித்த ஒன்றுக்கு மாறினோம். பக்கத்தில் இருக்கிற லப்டொப்களை 5 கிகாஹேட்ஸுக்குப் போட்டோம். அது கெதி, ஆனால் இந்தப் பழைய வீட்டின் தடித்த சுவரைத் தாண்டாது. இதெல்லாம் நடக்கும்வரை படிப்பதற்கு 57 ஆம் ஒழுங்கைத் தமிழ்ச் சங்க நூலகம் இருந்தது. அங்கே நெட் தேவைப்படவில்லை.

கடைசியாக, விருந்தாளிகளுக்கு ஒரு தனி வலையமைப்பு. அதில் வருபவர்களால் எங்கள் கருவிகளைத் தொட முடியாது. ஆனால் அவர்களின் பெயரை, ஊரை, காரணத்தை யாரும் கேட்கப்போவதில்லை. அதன் பாஸ்வேர்ட் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. தெரியாத போன் ஒன்று பட்டியலில் தெரிந்தால் முதலில் கீழே போய்க் கேட்பது என்று எழுதி வைத்தோம். கேட்டும் யாருடையது என்று தெரியாவிட்டால் பாஸ்வேர்டை எல்லோருக்குமாக மாற்றுவோம். ஒருவரை மட்டும் தேடி வெட்டமாட்டோம்.

பக்கத்து வீட்டுப் பொடியனிடமும் விசயத்தைச் சொன்னோம். அவனுக்கு எங்களைவிட வேகமான இணைப்பு இருக்கிறது. சிரித்தான்.

அந்த அக்கா இந்த மாதம் திரும்ப வந்தார். அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. அரை மணித்தியாலம் பிந்தியதுதான் காரணமா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை தம்பியவை" எண்டு சொல்லிவிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்ததைப் பார்த்துத் தன் போனில் அடித்துக்கொண்டார்.